விழுந்தவர் வீட்டுத் தண்ணீர்

வாப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினோம். நான் சக்கரத்தைச் சுற்றினேன். அவர் ரிம்மின் ஓரத்தில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். வளைந்த இடம் வரும்போது சாக்பீஸ் உரசி ஒரு கோடு விழும். அங்கே எதிர்ப்பக்கத்து ஸ்போக்ஸைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். மறுபடி சுற்ற வேண்டும். பொறுமை இருந்தால் போதும். வாப்பாவிடம் அது கிடையாது. பேச்சுதான் உண்டு.

"பாத்தியா புள்ளே, இத்தனை வருஷமா நான்தான் எல்லாரையும் இடிச்சி இக்கிறேன். என்னை ஒருத்தன் வந்து இடிச்சது இதான் மொதல் தடவை. எனக்கே பெருமையா இக்கிது."

"சாக்பீஸை அசைக்காதீங்க வாப்பா."

"நான் அசைக்கல. சக்கரம் அசையுது."

எங்களுக்குப் பின்னால் கொடியில் ஒரு ராணுவச் சட்டை உலர்ந்துகொண்டிருந்தது. தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்திருந்தது. உம்மா வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வாப்பாவை அவள் என் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவாள்.

"அமீர் வாப்பா, அதை உள்ள எடுங்க. போறவன் வர்றவன் பாத்தா என்ன நெனப்பான்?"

"பட்டாளத்தான் ஒருத்தன் நம்ம வீட்டுல விருந்து சாப்பிடுறான்னு நெனப்பான்."

"சட்டையைக் கழட்டி வச்சிட்டா?"

"காரம் அதிகம்னு நெனப்பான்."

உம்மா சிரிக்கவில்லை. அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. வியட்நாம் போர் முடிந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. சைகோனில் இருந்த எங்கள் ஆட்களின் துணிக்கடைகள் எல்லாம் மூடியாகிவிட்டன. மதராஸ் போகும் விமானத்துக்கான பட்டியலில் எங்கள் மூவர் பெயரும் வந்திருந்தது. அடுத்த வாரம் புறப்பட வேண்டும். இந்த நேரத்தில், நாட்டை விட்டுப் போகிற துணி வியாபாரி வீட்டுக் கொடியில் போரில் ஜெயித்த வடக்கு வியட்நாம் சிப்பாயின் சட்டை தொங்கினால் யாரும் நல்ல விதமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பெயரை அடித்துவிட்டால் மறுபடி எப்போது சேர்ப்பார்கள் என்று கேட்கவும் ஆள் கிடையாது.

"வியாழக்கிழமை சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு, அந்தப் புள்ளைக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டுட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடுவேன். அத்தோட முடிஞ்சிது" என்றார் வாப்பா.

புதன்கிழமை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார். டாக்டர் இரண்டு வருடமாக இதயத்துக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே அடக்கம் ஆகிவிட்டது.

சட்டை எங்கள் வீட்டில் இருந்தது.

*

நான் தொலைபேசி நிலையத்தில் பழுது பார்ப்பவள். என்ன காரணம், என்ன பழுது, எப்படிச் சரிசெய்தோம் என்று எழுதியே பழகிவிட்டேன். வாப்பாவைப் பற்றி எழுதும்போதும் கை அப்படித்தான் போகிறது.

காரணம்: அவருக்குச் சைக்கிள் ஓட்ட வராது.

காரைக்காலிலிருந்து நத்தர்ஷா என்கிற இளைஞராக வாப்பா சைகோனுக்கு வந்து இறங்கியது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்தபோது, 1951இல். ஹாஜா மைதீன் முதலாளியின் துணிக்கடையில் விற்பனை வேலை. சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று முதலாளி கேட்டார். தெரியும் என்று வாப்பா சொன்னார். ஓட்டுபவர்களை நிறையப் பார்த்திருந்ததால் அது பொய் இல்லை என்பது அவருடைய வாதம்.

அந்த மாதமே பென் தான் என்கிற சந்தைக்குப் பக்கத்தில், பின்னால் துணிக்கட்டோடு வந்து, ஒரு தையல்காரப் பெண்ணின் மேல் மோதினார். அவளுடைய கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. சட்டைக் கை கிழிந்தது. கூட்டம் சேர்ந்து வைதது. ஒரு சொல்லும் புரியாததால் வாப்பா எல்லாருக்கும் ஸலாம் சொன்னார்.

கடைக்குத் திரும்பியதும் முதலாளி கேட்டார். "அடிபட்ட புள்ளையைப் போய்ப் பாத்தியா?"

"இல்லீங்க மொதலாளி."

"பாக்காம கடைப்படி ஏறாத. ஊரு விட்டு ஊரு வந்து பொழைக்கிறோம். இடிச்சிட்டு ஓடுனவன்னு பேரு வாங்கக் கூடாது. வெறுங்கையோட போவாத. நல்ல துணியாப் பாத்து எடுத்துக்க."

நல்ல துணி என்றால் காரைக்கால்காரருக்கு என்ன தோன்றும்? கடையில் இருந்ததிலேயே மெல்லிய வெள்ளை மல் துணியைக் கிழித்து எடுத்தார். சைகோனில் வெள்ளைக்கு மதிப்பு என்பதற்கு அவரிடம் அத்தாட்சியும் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லாரும் வெள்ளை உடுத்தித்தானே தெருவில் போனார்கள்! உடுப்பாகத் தைத்த வெள்ளை வேறு, தைக்காமல் கிழித்தெடுத்த மெல்லிய வெள்ளைத் துண்டு வேறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில் இரண்டாவதைச் சாவு வீட்டில்தான் தலையில் கட்டுவார்கள்.

அந்தப் பெண்ணின் அப்பா சிக்லோ என்கிற மிதிரிக்‌ஷா வண்டி ஓட்டுபவர். வீட்டு வாசலில் குந்திச் சோறு தின்றுகொண்டிருந்தார். வாப்பா பணிவாகக் குனிந்து இரண்டு கையாலும் துணியை நீட்டினார். அவர் துணியைப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என் பொண்ணுக்குக் கால்தான் சுளுக்கு! உயிர் போகல!" என்று கத்திக்கொண்டே துடைப்பத்தை எடுத்தார்.

வாப்பாவுக்கு அது புரியவில்லை. துடைப்பம் புரிந்தது. ஆனாலும் ஓடவில்லை. ஓடினால் கடைப்படி ஏற முடியாது. அடியை வாங்கிக்கொண்டு துணியை நீட்டியபடியே நின்றார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த பெண் இதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பில் கட்டில் ஆடி, கால் வலித்து, அலறி, மறுபடி சிரித்தாள். மகள் சிரிப்பதைப் பார்த்து அப்பாவின் கை ஓய்ந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு, தொட்டியிலிருந்து மழைத்தண்ணீர் மொண்டு வாப்பாவுக்குக் கொடுத்தார். வாப்பா அதை ஒரே மூச்சில் குடித்தார். அத்தோடு சண்டை முடிந்தது.

வாப்பா தன் சட்டத்தை அன்றைக்கே இயற்றிவிட்டார். விழுந்தவர் வீட்டுக்கு விழவைத்தவர் போக வேண்டும். யார் விழவைத்தார் என்று தெரியாவிட்டால் இரண்டு பேரும் போக வேண்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீராவது குடிக்கும்வரை விபத்து முடிந்ததாகாது.

அந்தப் பெண் வெள்ளை மல்லை ஊதாச் சாயத்தில் முக்கி உடுப்புத் தைத்தாள். கால் சரியான பிறகும் வாப்பா நலம் விசாரிக்கப் போய்க்கொண்டிருந்தார். எந்தக் கால் என்பதே மறந்துபோய் ஒருநாள் வலதுகாலையும் மறுநாள் இடதுகாலையும் கேட்டாராம். ஆண்டு முடிவதற்குள் அவள் இஸ்லாத்துக்கு வந்து ரஹ்மத் நிஷா ஆனாள். அவள்தான் என் உம்மா. நிக்காஹுக்கும் அந்த ஊதா உடுப்புதான். அதற்குப் பிறகு வாப்பா எந்த வீட்டுக்குத் துணி எடுத்தாலும் முதலில் உம்மாவிடம் காட்டுவார்.

"இது சாவுக்கா, வாழ்வுக்கா?"

"வாழ்வுக்குத்தான். போயிட்டு வாங்க."

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் அடிக்கடி எழுந்தது. அவர் அடிக்கடி மோதினார்.

ஒருமுறை சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்த லூயியோடு மோதினார். அவரும் காரைக்கால். மாதா கோயில் தெருக்காரர். இரண்டு சைக்கிளும் சாய்ந்தன. எழுந்ததும் இரண்டு பேரும் தமிழில் திட்டிக்கொண்டார்கள். அப்புறம்தான் சந்தோஷம் பிறந்தது.

"ஓய், நீம்பரு எந்தத் தெரு?" என்றார் லூயி.

"அதை அப்பறம் சொல்றேன். தப்பு என்னுது முசியே, நான்தான் உங்க வூட்டுக்கு வரணும்."

"அதெப்படி? நான்தான் வருவேன்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புறப்பட்டார்கள். வாப்பா லூயியின் வீட்டில் அவர் மனைவி மாதலேன் வைத்த காப்பியைக் குடித்துக்கொண்டு லூயிக்காகக் காத்திருந்தார். லூயி எங்கள் வீட்டில் உம்மா சுட்டுக் கொடுத்த இறால் வாடாவைத் தின்றுகொண்டு வாப்பாவுக்காகக் காத்திருந்தார். பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். வழியில் எதிரெதிரே கடந்தபோது வாப்பா ஒரு கையைத் தூக்கி, "லூயி! தண்ணி குடிச்சிட்டேன்!" என்று கூவினார். கூவியபடியே போய்ப் பூச்செடிகளுக்குள் விழுந்தார். தானாக விழுந்ததால் யார் வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். அமெரிக்கர்கள் வந்தார்கள். வாப்பாவின் சைக்கிள் மட்டும் மாறவில்லை. டான் சோன் நாட் விமான நிலையம் பக்கம் ஒரு ராணுவ லாரி திரும்பும்போது இவருடைய துணிக்கட்டு சிக்கி அதன் பக்கக் கண்ணாடி உடைந்தது. உடைந்தது அவர்களுடையது என்பதால் போய்ப் பார்க்க வேண்டியவர் தான்தான் என்று முடிவுசெய்தார். குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். பொட்டலத்தோடு ராணுவ முகாம் வாசலுக்குப் போனார். துப்பாக்கியை நீட்டி, தூரத்தில் நின்றே பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். கடைக்காரர் அல்லவா, பழக்கதோஷம். பூப்போட்ட சீட்டித்துணியை வீசித் தார்ச்சாலையில் நீளமாக விரித்து, ஓரத்தை நிமிண்டி, "சாயம் போகாது" என்று உத்தரவாதமும் கொடுத்தார். காவலாளிகள் சிரித்து ஓய்ந்து ஒரு கோக்கோ கோலா புட்டியைத் திறந்து நீட்டினார்கள். தண்ணீர் கணக்கில் அது செல்லும் என்று வாப்பா வீட்டில் தீர்ப்புச் சொன்னார்.

இத்தனைக்குப் பிறகும் ஓரிடத்தில் மட்டும் அவர் மோதியதே இல்லை. சந்தைக்கு முன்னால் இருக்கும் பெரிய ரவுண்டானா. முதல் நாள் அதைப் பார்த்தே மிரண்டவர், கடைசிவரை அங்கே வந்ததும் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் கடப்பார்.

தள்ளிக்கொண்டு போனபோதுதான் அந்தச் சிப்பாய் வந்து மோதினான்.

*

அன்று வாப்பா வீட்டுக்குள் நுழைந்த விதத்தை உம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வளைந்த சக்கரம், கையில் அடுத்தவன் சட்டை, முகத்தில் கல்யாணக்களை.

"பேரு துவான். வடக்கே தாய் பின்ங்கிற ஊரு பக்கம். இருவது, இருவத்தொண்ணு இருக்கும். ரெண்டு காலையும் பரப்பிக்கிட்டு, வெலகுங்க வெலகுங்கன்னு கத்திக்கிட்டே வர்றான். நான் எங்க வெலக? நான்தான் ஏற்கெனவே ஓரத்துல நிக்கிறேனே!"

"பிரேக் இல்லியா?" என்று நான் கேட்டேன்.

"இக்கிது. புடிக்கணும்னு தோணல. மலைக்காட்டுப் பாதையில வருஷக்கணக்கா அரிசி மூட்டையைக் கட்டி சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வந்த புள்ள அது. சைக்கிளைப் பிரிச்சி மாட்டச் சொன்னா கண்ணை மூடிக்கிட்டு மாட்டுவான். ஏறி ஓட்டுனதுதான் இல்ல. என்னை மாதிரியே ஒரு ஆளு! என் பிரேக்குக் கட்டையில மாட்டி சட்டை கிழிஞ்சிட்டு. மேலதிகாரி திட்டுவாருன்னு அழுவாத குறை. கழட்டுப்பா, எங்க வீட்டுல தையக்காரி இக்கிறான்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

"பட்டாளத்துச் சட்டையையா?"

"பனியனோட போயிட்டான், பாவம்."

உம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு கிழிசலைத் திருப்பிப் பார்த்தாள். அவளால் பார்க்காமல் இருக்க முடியாது. வாப்பா மீதமிருந்த துணிகளுக்குள்ளிருந்து கறுப்பு சாட்டின் துண்டு ஒன்றை எடுத்து வந்தார்.

"அவன் உம்மாவுக்கு. சாவுக்கா, வாழ்வுக்கா?"

"வாழ்வுக்குத்தான்" என்றாள் உம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "கால்சட்டை தைக்கலாம்."

*

கணவரை இழந்து இத்தா இருக்கும் உம்மா வெளியே போக முடியாது. வியாழக்கிழமை காலை, தைத்து மடித்த சட்டையையும் சாட்டினையும் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

"நீதான் போவணும், அமீரு."

"விமானப் பட்டியல்ல பேரை அடிச்சிட்டா?"

"போனா போவுது. இல்ல, போவாது. நீ போ." கொஞ்சம் நின்று சொன்னாள். "வாப்பா மௌத்தானதைச் சொல்லாத. தான் இடிச்சதாலதான்னு அந்தப் புள்ள நெனச்சிக்கும். காலத்துக்கும் சுமக்கும்."

வாப்பாவின் சைக்கிளில் போனேன். சக்கரம் ஆடவில்லை.

மூடிய பள்ளிக்கூடம் ஒன்றில் அவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். வாசல் காவலாளியிடம் துவான் என்று சொன்னேன். அவன் உள்ளே பார்த்துக் கத்தினான். "டேய் துவான், உன் சட்டை வந்திருச்சு!" உள்ளே பலர் சிரிப்பது கேட்டது. விஷயம் முகாம் முழுக்கத் தெரிந்திருந்தது.

ஒடிசலாக ஒருவன் ஓடி வந்தான். யாரோ தடித்தவரின் சட்டையைப் போட்டிருந்தான். கழுத்துப் பட்டை காதுவரை நின்றது. சைக்கிளைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"சித்தப்பா எங்கே அக்கா? அவருக்குன்னு எங்கூர்த் தேயிலை எடுத்து வச்சிருக்கேன். தண்ணி குடிச்சாத்தான் முடியும்னு சொன்னாரே."

சொல்லக்கூடாது என்றுதான் வந்திருந்தேன். வரவில்லை, வேலை இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் வாப்பா ஒருவர் வீட்டுக்கும் போகாமல் விட்டதில்லை. இவன் ஒருவனுக்கு மட்டும் வராதவராக அவரை ஆக்க என்னால் முடியவில்லை.

"நேத்து காலைல தவறிட்டார்" என்றேன்.

அவன் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துவிட்டது. தன் இரண்டு கைகளையும் பார்த்தான்.

"இதயம். ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிட்டார். நீ இடிச்சதால இல்லை."

"சும்மா சொல்றீங்க."

"சரி. என்னை நம்ப வேண்டாம். இதைப் பாரு." சைக்கிளை அவன் பக்கம் திருப்பினேன். "உனக்குத் தெரிஞ்ச பொருள்தானே. இடி எங்கே பட்டது?"

அவன் குந்தினான். முன்சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸைத் தொட்டான். "இங்கே."

"ரிம் வளைஞ்சிருந்தது. நானும் அவரும் அன்னிக்கே கோட்டம் எடுத்தோம். ஃபோர்க்கைப் பாரு."

ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் விரலால் மேலிருந்து கீழே தடவினான். ஒரு கண்ணை மூடி முன்னாலிருந்து பார்த்தான். பிறகு பக்கவாட்டில் பார்த்தான். ஹேண்டில்பாரைத் திருப்பி, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டான். அது ஒரு பக்கமும் சாயாமல் நெடுநேரம் சுற்றியது.

"ஃபோர்க் நேரா இருக்கு" என்றான் மெதுவாக.

"ஆளைச் சாய்க்கிற இடி இதை விட்டுவச்சிருக்குமா?"

"விடாது. எங்க பாதையில எத்தனையோ வளைஞ்சதை நிமிர்த்தியிருக்கேன். மொதல்ல வளையறது இதுதான்."

"அவர் விழக்கூட இல்லை. விழுந்தது நீ. எங்கே வலிக்குது?"

கேட்ட பிறகுதான் அது வாப்பாவின் கேள்வி என்று உறைத்தது. அவன் முழங்கையைக் காட்டினான். தோல் உரிந்து காய்ந்திருந்தது. அவ்வளவுதான். ஆனால் காட்டும்போது அழுதான். நானும் அழுதேன். காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வகுப்பறைப் படியில் உட்கார்ந்தோம். அலுமினியக் குவளையில் தேநீர் கொண்டுவந்தான். கசப்பு. முழுவதும் குடித்தேன். அவன் இரவல் சட்டையைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு, தையல் எங்கே என்று தேடினான். உம்மாவின் தையல் கண்ணுக்குத் தெரியாது. அவன் அம்மாவுக்கென்று நான் கொடுத்த சாட்டினை விரித்து, "அம்மா இதைத் தைச்சுப் போட்டுக்க மாட்டா, பெட்டியிலதான் வைப்பா" என்று சிரித்தான்.

புறப்படும்போது கேட்டான். "ஞாயித்துக்கிழமை அந்தப் பெரிய ரவுண்டானாவை எப்படி ஓட்டிக் கடக்கறதுன்னு சொல்லித் தர்றதா சித்தப்பா சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிஞ்ச வழி எது அக்கா?"

நான் சிரித்துவிட்டேன். அடக்கம் முடிந்த மறுநாள் அப்படிச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. நிறுத்த முடியவில்லை.

"அவர் ஒரு நாள்கூட அதை ஓட்டிக் கடந்தது இல்லை, துவான். இருபத்தைந்து வருஷமும் இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போனார்."

அவன் வாயைப் பிளந்தான். பிறகு அவனும் சிரித்தான். "அப்போ என்ன சொல்லித் தந்திருப்பார்?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு போய், முதல் தடவையாகத் தானும் ஏறி ஓட்டிப் பார்த்திருப்பாரோ என்னவோ. கிளம்புவதற்கு முன் அந்த ஒன்றையும் முடித்துவிட நினைத்திருக்கலாம். எங்கள் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கிறது. பெட்டி கட்டியாகிவிட்டது. ரவுண்டானா மட்டும் பாக்கி.